எனக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

1

போன செவ்வாய்க்கிழமை என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போன் வந்தது. பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டு ஆறுதல் சொல்வதற்கென்றே நியூசிலாந்துப் பள்ளிகளில் ஒருவர் இருப்பார். எங்கள் பள்ளியில் அது ஒரு நடுவயது அம்மாள். அவர் என் மனைவி பேச்சியைக் கேட்டார். கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். நீங்கள் யார் என்றார். கவிதாவின் அப்பா என்றேன். அவர் மிகவும் பதமாக, கவிதாவின் அம்மாவை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவரா என்று விசாரித்தார்.

இல்லை, பெற்ற அப்பாவேதான் என்றேன். அவருக்கு அது இன்னும் சங்கடமாகப் போய்விட்டது.

விஷயம் இதுதான். வகுப்பில் மறக்க முடியாத ஒரு பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் படகு, பனிச்சறுக்கு என்று எழுதியிருக்க, பதினாறு வயதான என் மகள், அப்பா செத்துப்போன அன்று உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போனதை எழுதியிருக்கிறாள். அம்மா வழியெல்லாம் அழுதது, பக்கத்து சீட்டுக்காரர் முறுக்கு வாங்கிக் கொடுத்தது, சாவுக்குப் போகும்போது முறுக்குத் தின்னலாமா என்று தான் குழம்பியது எல்லாம் அதில் இருக்கிறது. 'அப்பா செத்த பிறகு எங்கள் குடும்பம் சந்தோஷமாக இருக்கிறது' என்று முடித்திருக்கிறாள்.

நான் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அலுவலகப் பெண்மணி கம்ப்யூட்டரைக் காட்டினார். தகப்பனார் காலமாகிவிட்டார் என்று ஏற்கெனவே குறித்தாயிற்று. மாற்ற வேண்டுமென்றால் தனிப் படிவம், அதில் பெற்றோர் கையெழுத்து. கொடுங்கள் போடுகிறேன் என்றேன். பதிவேட்டின்படி உயிரோடு இருக்கும் பெற்றோர்தான் போட வேண்டும் என்று வருத்தத்தோடு சொன்னார். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பேச்சியிடம் கொடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள்.

மகளைக் கூப்பிட்டு ஏனம்மா இப்படி என்று கேட்டேன். நடந்ததைத்தானே எழுதினேன் என்றாள். மிச்சக் கதையையும் எழுதியிருக்கலாமே என்றதற்கு, நானூறு வார்த்தைக்கு மேல் போகக் கூடாது, முறுக்குக்கே நூறு போய்விட்டது என்று இந்த ஊர் ஆட்டுப்பண்ணைக்காரர்கள் பேசுகிற ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் காதில் எதையோ மாட்டிக்கொண்டாள்.

நான் குடியை விட்டு இதோடு பத்து வருஷம் ஆகிறது. மகளுக்கு வார்த்தை போதாத மிச்சக் கதையை, ஊரில் இருக்கும் உங்களுக்காவது எழுதி வைக்கலாமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

பழங்காநத்தத்தில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. கேட்டு, ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வேன். காலையில் செய்தது நன்றாக இருக்கும். மதியத்துக்கு மேல் செய்ததில் என் கைவரிசை தெரியும். ஒரு வாத்தியார் வீட்டுக்கு நான் மாட்டிய கேட்டு வெளியே இருந்து மட்டும்தான் திறக்கும். அவர் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சுவரேறிக் குதித்து வந்து என்னைத் திட்டினார். நான் அவரையும் உட்காரவைத்து ஊற்றிக் கொடுக்கப் பார்த்தேன். அப்படி ஒரு ஆள் நான்.

ஒன்பது வருஷம் பொறுத்தவள் பேச்சி. ஒருநாள் கவிதாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உசிலம்பட்டிக்கு, அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். தெருவே கேட்கிற மாதிரி, இனிமேல் இந்த வாசலை மிதித்தால் உன் சாவுக்குத்தான் மிதிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அன்றைக்கு அதைக் கொண்டாடினேன். மறுநாள் காலையில் கவிதாவின் ஒற்றைச் செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடந்ததைப் பார்த்து அழுதேன். பிறகு அந்த அழுகைக்காகவும் குடித்தேன்.

ஜெபக்கூடத்துக்கு நான் போனது தேடிப்போனதில்லை. நான் வழக்கமாகப் போகும் பாரும் ஒரு சின்ன ஜெபக்கூடமும் அடுத்தடுத்த கட்டடங்களில் மாடியில் இருந்தன. இரண்டு படிக்கட்டும் ஒரே மாதிரி குறுகல், ஒரே மாதிரி பச்சைச் சுண்ணாம்பு. ஒரு சாயங்காலம் படி மாறி ஏறிவிட்டேன். உள்ளே கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு நல்ல கூட்டம் என்று நினைத்துச் சுவரோரம் உட்கார்ந்து ஒரு ஆம்லெட் கேட்டேன்.

அங்கே போதகராக இருந்தவர் முன்பு டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவரும் ஒரு காலத்தில் குடித்து வேலையைத் தொலைத்தவர்தான். என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஆம்லெட் இல்லண்ணே, ஜெபந்தான் இருக்கு. உக்காருங்க. சாப்ட்டீங்களா?"

கடைசியாக என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டது யார் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. அங்கே யாரும் ஏன் குடிக்கிறாய் என்று கேட்கவில்லை. ஒரு அக்கா தூக்குவாளியிலிருந்து தக்காளிச் சாதம் எடுத்து வைத்தார். தின்றுவிட்டு அங்கேயே தூங்கிவிட்டேன். விழித்தபோது போதகர் எனக்காக முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் எனக்குப் பிடித்தும் இருந்தது.

அதற்கப்புறம் தினமும் சரியான படிக்கட்டில் ஏறினேன். வாரா வாரம் அங்கே சாட்சி சொல்வார்கள். ஒவ்வொருவரும் எழுந்து நின்று, தான் பிறந்த தேதி இன்னது, இரட்சிக்கப்பட்ட தேதி இன்னது என்று சொல்லி, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். முதல் முறை நான் எழுந்து, குடிக்காமல் இரண்டு நாள் ஆகிறது என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். பட்டறையில் இத்தனை வருஷத்தில் எனக்காக யாரும் கைதட்டியதில்லை.

போதகர் என் கையில் ஜிங்ஜிங்கென்று ஆட்டும் டாம்பரினைக் கொடுத்தார். குடியை நிறுத்திய புதிதில் என் கைகள் தாமாகவே நடுங்கிக்கொண்டிருந்ததால் அதை நான் பிரமாதமாக வாசித்தேன். நாள் ஆக ஆக நடுக்கம் நின்றது, தாளமும் போய்விட்டது. மூன்றாவது மாதம் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு பாய் விரிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். சபையில் அதை எல்லோரும் நல்ல அடையாளமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

3

மதுரையில் எதற்கெல்லாம் போஸ்டர் ஒட்டுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காது குத்து, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா எல்லாவற்றுக்கும் ஒட்டுவோம். லைசென்ஸ் வாங்கியதற்குப் போஸ்டர் ஒட்டிய ஆளையும் எனக்குத் தெரியும்.

பட்டறைக்குப் பக்கத்தில் ஜெகநாதன் என்ற நண்பர் சேலை வியாபாரம் செய்துவந்தார். வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுகிற குடும்பம். குடித்தால் அந்த மொழியில்தான் என்னைத் திட்டுவார், அதனால் எனக்கும் அதில் பத்துப் பதினைந்து வார்த்தை தெரியும். எல்லாம் வெளியே சொல்ல முடியாத வார்த்தைகள். நான் நிறுத்தியபோது அவர் நிறுத்தவில்லை. ஆனால் என்னைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை எனக்கே கிடையாது. ஒருநாள் ஜெபக்கூடத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து என் சாட்சியைக் கேட்டுக் கண் துடைத்துக்கொண்டு போனார்.

நான் நூறு நாள் முடித்ததும், எனக்குத் தெரியாமல் அவர் ஒரு அச்சகத்துக்குப் போயிருக்கிறார். என் போட்டோ ஒன்று கொடுத்தார். பெயர் கொடுத்தார். சாட்சியில் நான் சொன்ன இரண்டு தேதிகளையும் மறக்காமல் கொடுத்தார். 'எங்கள் பாசமிகு அண்ணன் பாண்டி இனி குடிக்கமாட்டார்' என்று ஒரு வரியும், கீழே 'குடும்பத்தார், நண்பர்கள், பழங்காநத்தம்' என்றும் எழுதிக்கொடுத்துவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் குடிக்கப் போய்விட்டார்.

அச்சகக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு ஆளின் படம், அதற்குக் கீழே இரண்டு தேதி, இனி குடிக்கமாட்டார் என்று ஒரு செய்தி. மதுரையில் எந்த அச்சகக்காரரும் அதை ஒரே மாதிரிதான் படித்திருப்பார். முதல் தேதிக்குத் தோற்றம், இரண்டாவதற்கு மறைவு, மேலே கண்ணீர் அஞ்சலி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. செத்தவரின் குடியைப் பற்றிப் போஸ்டரில் பேசுவது மரியாதையில்லை என்று அந்த ஒரு வரியை மட்டும் தன் பொறுப்பில் எடுத்துவிட்டிருந்தார். மறைவுத் தேதி மூன்று மாதம் பழசு என்பதை அவரும் பார்க்கவில்லை, ஒட்டியவர்களும் பார்க்கவில்லை, படித்தவர்களும் பார்க்கவில்லை.

விடிவதற்குள் பழங்காநத்தத்திலிருந்து காளவாசல் வரைக்கும் ஒட்டிவிட்டார்கள். நின்றுகொண்டிருந்த பஸ்களின் முதுகையும் விடவில்லை. அதில் ஒன்று உசிலம்பட்டி பஸ்.

நான் காலையில் டீ குடிக்கப் போனபோது சுவரில் என்னைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் நினைத்தது போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது என்றுதான். டீ மாஸ்டர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், ஆற்றுவதை நிறுத்தவில்லை. சர்க்கரை போடவா என்று மட்டும் கேட்டார்.

பத்து மணிக்கு அலங்காநல்லூரிலிருந்து என் சித்தப்பா வந்து இறங்கினார். ஒரு வேனில் சொந்தக்காரர்கள், மேளக்காரர்கள், ஆளுயர மாலை, இழவு வீட்டில் ஆம்பளைகளுக்கென்று வாங்கிய ஒரு பெட்டி சரக்கு எல்லாம் வந்தன. நான் வாசலில் நின்று வாங்க சித்தப்பா என்றேன். அவர் மாலையோடு நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இம்புட்டுப் பேரு வேலவெட்டிய விட்டுப்போட்டு வந்திருக்கோம். நீ பாட்டுக்கு நிக்கிற."

மன்னிப்புக் கேட்டேன். வேறென்ன செய்ய. கொண்டுவந்த மாலையை எனக்கே போட்டார்கள். மேளக்காரர்கள் வந்ததற்கு ஒரு சுற்று அடித்துவிட்டுப் போகிறோம் என்று அடித்தார்கள். ஜெகநாதன் தெருமுனையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போதகர் அடக்க ஆராதனைக்குப் பாட்டுப் புத்தகத்தோடு வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்ததும் புத்தகத்தை அக்குளில் செருகிக்கொண்டு, போஸ்டரில் ஒன்றும் தப்பில்லை, குடிகாரப் பாண்டி நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிட்டான் என்றார். இந்த வசனத்தை அடுத்த ஆறு மாதப் பிரசங்கங்களிலும் அவர் விடவில்லை.

மதியம் தெருமுனையில் ஒரு ஓலம் கேட்டது. பேச்சி. தலைமுடி அவிழ்ந்து கிடக்க, ஒரு கையால் மார்பில் அடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கவிதாவை இழுத்துக்கொண்டு வந்தாள். கவிதாவின் கையில் பாதி முறுக்கு. தெருப் பெண்கள் பழக்கத்தில் கூடச் சேர்ந்து அழுதார்கள். வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தவள், ஓலத்தைப் பாதியில் நிறுத்தினாள். மாலையும் கழுத்துமாக நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கிட்டே வந்து என் தாடையைப் பிடித்தாள்.

"ஊதுங்க."

ஊதினேன்.

"இன்னொருக்க."

மூன்று முறை ஊதினேன். அப்புறம்தான் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். முன்னால் அழுததைவிட இது வேறு மாதிரி அழுகை. எனக்காக அவள் அழுவாள் என்று நான் நினைத்ததே கிடையாது. நானும் மாலையோடு பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எங்களைப் பார்த்துச் சித்தப்பாவும் அழுதார். அவர் அதற்குள் பெட்டியைத் திறந்திருந்தார்.

4

அழுது முடித்ததும் பேச்சி எழுந்து முடியை முடிந்துகொண்டு, எல்லோர் முன்னாலும் ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"சாவுக்குத்தான் வருவேன்னேன், வந்துட்டேன். பிள்ளைக்கிப் பள்ளிக்கூடத்துல பதினாறு நாள் லீவு சொல்லியிருக்கேன். பதினாறு வரைக்கும் இருப்பேன். அதுக்குள்ள ஒருநா வாட வந்துச்சு, நெசமாவே செத்துட்டீகன்னு நெனச்சிக்கிருவேன்."

ஆக, என் கருமாதி வரைக்கும் நான் குடிக்காமல் இருந்து காட்ட வேண்டும். பெண்டாட்டியும் பிள்ளையும் வீட்டில் இருப்பார்களா மாட்டார்களா என்பது அதில்தான் இருந்தது. நூறு நாள் இருந்தவனுக்குப் பதினாறு நாள் என்ன பெரிது என்று நினைப்பீர்கள். அந்த நூறு நாளும் யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இழப்பதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவுமில்லை.

இதற்கு நடுவில் சரக்குப் பெட்டியில் மூன்று பாட்டில் மிச்சமாகிவிட்டது. இழவு வீட்டுக்குக் கொண்டுபோனதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டேன் என்று சித்தப்பா அடம்பிடித்து விட்டுப் போனார். நான் சாக்கடையில் ஊற்றிவிடலாம் என்று எடுத்தேன். பேச்சி தடுத்தாள். ஒளித்து வைத்துத்தான் ஒன்பது வருஷம் பார்த்தாயிற்றே, இது கண்ணுக்கு முன்னாலேயே இருக்கட்டும் என்று அரிசிப் பானைக்குப் பக்கத்து அலமாரியில் வரிசையாக அடுக்கினாள். தினமும் காலையில் கோலம் போட்டுவிட்டு வந்து மூன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். தண்ணீர் கலந்திருக்கிறேனா என்று பார்க்கிறாளாம்.

நான் போதகரிடம் போய் என்னால் முடியாது என்றேன். பதினாறு நாளுக்கு ஜெபிக்க எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் கண்டக்டர் புத்தியில் ஒன்று சொன்னார்.

"எதுக்குண்ணே கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் கேக்குறீங்க? அடுத்த ஸ்டாப் வரைக்கும் கேளுங்க. அங்க போயி மறுபடி கேளுங்க."

அதன்படி கேட்டேன். குக்கர் விசில் வரைக்கும் கேட்டேன். குழாயில் தண்ணீர் வரும் வரைக்கும் கேட்டேன். போஸ்டரைத் தாமதமாகப் பார்த்துவிட்டுத் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் தினமும் இரண்டு பேராவது வந்தார்கள். அவர்களுக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன். சிலர் டீயை வாங்கிக்கொண்டு, நல்ல மனுஷன், குடிதான் கெடுத்தது என்று என்னிடமே சொன்னார்கள். பாதிப் பேருக்கு என் முகமே தெரியாது. ரேஷன் கடையில் என் பெயரை அடித்துவிட்டார்கள். நான் நேரில் போய் நின்றபோது, நீங்கள் இருப்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள்.

கவிதாவுக்கு அப்போது ஆறு வயது. அவள் என் கையை அடிக்கடி கிள்ளிப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, செத்து நாலு நாள் கழித்துக் கல்லறையிலிருந்து எழுந்து வந்தவன் கதையைச் சொன்னார்கள். இவள் எழுந்து நின்று, எங்கப்பா ஒரே நாளில் வந்துவிட்டார் என்றாள். அவளைத் திருத்த அங்கே யாருக்கும் மனசு வரவில்லை. நாங்களும் திருத்தாமலே விட்டுவிட்டோம். இப்போது பள்ளிக்கூடத்துக்குக் கைகட்டிப் பதில் சொல்கிறேன்.

5

நடுவில் இந்த ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டையா என்னைப் பார்த்ததும், உங்களுக்கு நான் மாலை போட்டிருக்கேனே என்றார். அதைத் தாண்டி வந்தேன். இந்த நாட்டின் விசா படிவத்தில், குடிப்பழக்கம் உண்டா என்கிற மாதிரி ஒரு கேள்வி இருந்தது. ஆமாம், இல்லை என்று இரண்டு கட்டம். சாட்சி சொல்லிப் பழகிய எனக்கு, கட்டத்தில் ஒரு டிக்கை மட்டும் போட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. பிறந்த தேதி, இரட்சிக்கப்பட்ட தேதி தொடங்கி நாலு பக்கம் எழுதி இணைத்தேன். ஏஜெண்ட் அதைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார். அதிகாரிகள் என்ன நினைத்தார்களோ, விசா வந்தது.

இங்கே பால் பண்ணைகளுக்கு எவர்சில்வர் தொட்டி வெல்டிங் செய்கிறேன். விடியும் முன்னே பனியில் காரைச் சுரண்டிவிட்டுப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் முதலாளி எல்லோருக்கும் பீர் கொடுப்பார், அது இங்கே வழக்கம். முதல் வெள்ளிக்கிழமை நான் மூன்று நிமிஷம் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தேன். அவர் சரி என்று ஆரஞ்சு ஜூஸ் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். குடிக்காதவனை இரண்டாவது தடவை வற்புறுத்தாத ஊரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சர்ச் ஹாலில் வியாழக்கிழமைதோறும் குடியை விட்டவர்கள் கூடுகிறோம். ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசலாம். முதல் நாள் நான் நாற்பது நிமிஷம் பேசினேன். என் ஆங்கிலத்தில் சுற்றி வளைக்கத் தெரியாது, நான் மதுரையில் செத்தேன் என்று ஆரம்பித்தேன். கேட்டவர்கள் அதை ஆழமான ஆன்மீகக் கருத்தாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஆட்டுப்பண்ணைக்காரர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். போஸ்டர், அச்சகம், மேளம் என்று விளக்கப் பார்த்தேன். விளக்க விளக்க அவர்களுக்கு இன்னும் ஆழமாகிக்கொண்டே போனது.

சிரிக்கிறேனே தவிர, அந்த வியாழக்கிழமைகளுக்காகத்தான் வாரம் ஓடுகிறது. புதிதாக வருகிறவன் வாசலில் திரும்பிப் போய்விடலாமா என்று நிற்பான். அவனிடம் போய்ச் சாப்பிட்டாயா என்று கேட்பது என் வேலை. யாரும் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டது. இந்த வேலைக்காகத்தான் ஆண்டவர் என்னை விட்டுவைத்திருக்கிறார் என்று நம்புகிறேன்.

6

நேற்றுப் பேச்சி படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதைப் பார்த்த கவிதா காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, பதினாறாம் நாள் என்னப்பா நடந்தது என்று கேட்டாள். அவளுக்கு அந்த நாள் பஸ்ஸில் தூங்கியது மட்டும்தான் ஞாபகம். அவள் என்னிடம் ஒன்று கேட்டு ரொம்ப நாளாயிற்று, அதனால் அடுப்பில் இருந்த சாம்பாரை விட்டுவிட்டுச் சொன்னேன்.

பதினாறாம் நாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது வீட்டில் ஆள் இல்லை. பேச்சியின் பை இல்லை. கவிதாவின் செருப்பும் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறப் போனாள் என்றார்கள். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. பதினைந்து நாளும் நான் சுத்தமாக இருந்தேன். அப்படியும் போய்விட்டாள்.

அலமாரியில் மூன்று பாட்டிலும் வெளிச்சத்தில் நின்றன. ஒன்றை எடுத்தேன், மூடியைத் திருகினேன். வாடை வந்தது. அந்த வாடையில் எனக்கு வீடு, பிள்ளை, ஜெபக்கூடம் எதுவும் ஞாபகம் வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. போதகரைத் தேடி ஓடினேன். கூட்டத்துக்காகத் திண்டுக்கல் போயிருந்தார். திரும்பி வீட்டுக்குப் போனால் குடித்துவிடுவேன் என்று தெரிந்தது. கால் போன போக்கில் காளவாசல் வந்து, உசிலம்பட்டி பஸ்கள் நிற்கும் இடத்தில் உட்கார்ந்தேன்.

எனக்குப் பின்னால் சுவரில் என் போஸ்டர். கீழ்ப்பாதியை ஆடு தின்றிருந்தது, முகம் மட்டும் மிச்சம். பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்து வந்த பஸ் எங்கே போகிறது என்று கேட்காமலே ஏறிவிட்டார்.

ஆண்டவரே, அடுத்த உசிலம்பட்டி பஸ் வரைக்கும் என்றேன். பஸ் வந்தது. இறங்கியவர்களில் அவள் இல்லை. ஆண்டவரே, அடுத்த பஸ் வரைக்கும். அதுவும் வந்தது. எனக்கு வெளிச்சம் ஒன்றும் தெரியவில்லை, குரல் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கேட்டேன், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கிடைத்தது. நான் விசுவாசம் என்று சொல்வது இன்றுவரை அவ்வளவுதான்.

ஏழாவது பஸ்ஸோ எட்டாவதோ போன பிறகு எனக்கு ஒன்று தெரிந்தது. அவள் வராமலே போனாலும் நான் இன்றைக்குக் குடிக்கப் போவதில்லை. அவளுக்காக என்றுதான் பதினைந்து நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவள் இல்லை, ஆனாலும் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அது தெரிந்ததும் பசித்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் வந்த பஸ்ஸிலிருந்து முதலில் ஒரு தையல் மெஷின் இறங்கியது. அதைத் தூக்கியபடி பேச்சி. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கி வழிகிற கவிதா. பிள்ளையின் டி.சி.யைச் சுருட்டிப் பேச்சி இடுப்பில் செருகியிருந்தாள். உசிலம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் கணக்கை முடித்துவிட்டு, மதுரையில் சேர்ப்பதற்கு வாங்கி வந்திருக்கிறாள். அதில் என் பெயருக்கு முன்னால் தலைமையாசிரியர் காலஞ்சென்ற என்று எழுதியிருந்தார்.

என்னைப் பார்த்துப் பேச்சி நின்றாள். நான் நடைபாதையில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்துவிட்டது. தாடையைப் பிடிப்பாள் என்று நானே ஊதினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வேண்டாம் என்று கையசைத்தாள்.

"ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியே" என்றேன்.

"எழவு வீட்டுலருந்து யாராச்சும் சொல்லிட்டுப் போவாகளா? இன்னைக்கித்தான பதினாறு. அது முடிஞ்சிருச்சு." மெஷினை என் பக்கம் நீட்டினாள். "பிடிங்க, கை கடுக்குது. வீட்டுக்குப் போவோம்."

வாங்கித் தோளில் வைத்துக்கொண்டேன். பழங்காநத்தத்துக்கு டவுன் பஸ் வந்தது. ஏறவில்லை. மூன்று பேரும் நடந்தே போனோம்.